புள்ளி புள்ளி சாய்கோடு

அசையக் கூடாது. இப்போதுதான் கண்ணை மூடியிருக்கிறாள், மூடியதும் முழுசாக இல்லை, இமைகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று தெரிகிறது, அது மறைகிற வரைக்கும் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட வேண்டும். நேற்றுத் தடுப்பூசி போட்டது. ஊசி குத்தின தொடை இன்னும் கெட்டியாக இருக்கிறது, ராத்திரி முழுக்கக் காய்ச்சல், எழில் தோளிலும் என் தோளிலுமாக மாறி மாறிக் கிடந்தாள், விடிந்ததும் எழில் குளித்துப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள். பிரசவ விடுப்பு முடிந்து இன்றைக்குத்தான் முதல் நாள், பாலிடெக்னிக்கில் இயற்பியல் வகுப்பு, போகாமல் இருக்க முடியாது. வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள், இன்னொன்றை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். "கீழ போட்டுறாதீங்க. நெஞ்சுலயே வச்சுக்குங்க. தொட்டில்ல வச்சா முழிச்சுக்குவா." சரி என்றேன். "அழுதா போன் பண்ணுங்க." சரி. "அழலைன்னாலும் பண்ணுங்க." அதற்கும் சரி என்றேன், இன்னும் பண்ணவில்லை. மகிழினி என் நெஞ்சின் மேல் குப்புறக் கிடக்கிறாள். தலை என் கழுத்துக் குழியில், ஒரு கை என் பனியனைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. அவளுடைய சூடு பனியனைத் தாண்டி என் தோலுக்கு வந்து, எது அவள் காய்ச்சல் எது என் வியர்வை என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாகிவிட்டது. காட்டூர் வெயில் ஜன்னல் திரையை ஆரஞ்சாக்கி வைத்திருக்கிறது. மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டிக் என்கிறது. அந்த டிக்குக்கு அவள் பழகிவிட்டாள், டிக் நின்றால்தான் முழிப்பாள், கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். கீழ் வீட்டில் மிக்ஸி ஓடாமல் இருக்க வேண்டும். பழைய இரும்பு வாங்குகிறவன் மைக்கோடு இந்தத் தெருவுக்கு வராமல் இருக்க வேண்டும். ஒரு குழந்தை தூங்க எத்தனை பேர் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது.

போன் துடிக்கிறது. சத்தத்தை அணைத்துத்தான் வைத்திருந்தேன், துடிப்பை அணைக்க மறந்துவிட்டேன், சோபாவின் பஞ்சு வழியாக அந்தத் துடிப்பு என் இடுப்புக்கு வருகிறது, என் இடுப்பிலிருந்து அவளுக்குப் போகும். ஷமீமா அக்கா. தாய்ப்பால் வங்கியைப் பார்த்துக்கொள்கிறவர். எடுக்காமல் விடலாம். விட முடியாது, இந்த அக்கா சும்மா கூப்பிடுகிறவர் இல்லை. "தம்பி மாறா, பேசலாமா?" பாப்பா தூங்குறாக்கா என்று காற்றாகச் சொன்னேன். "அப்ப நீ பேசாத, நான் பேசுறேன், நீ ம் மட்டும் போடு." ம். "காலைல போக வேண்டிய மெசேஜ் ஒருத்தருக்கும் போகலப்பா. யாராச்சும் கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்கன்னு நானும் உக்காந்து உக்காந்து பாத்தேன், ஒரு அம்மாகூடக் கூப்பிடல. அப்புறம் எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டா, எனக்கு ஒண்ணும் வரலியே மாமிங்குது. ஆஸ்பத்திரில இருக்கிற பால் நாளைக்கு வரைக்கும்தானாம். ரெட்டைப் புள்ளைங்க பொறந்திருக்கு, ரெண்டையும் சேத்து நிறுத்தாலும் ரெண்டு கிலோ வராது, தாய்க்கு முடியல, ஐசியூல கெடக்கு. இன்னைக்கு வண்டி போய் வாங்கிட்டு வந்தாத்தான் காய்ச்சி, சோதிச்சு, நாளான்னைக்குக் குடுக்க முடியும். வண்டி நாலு மணிக்குக் கெளம்பிரும். கேக்குதா?" ம். "பாத்துரு தம்பி." ம் என்றேன், அந்த ம் கொஞ்சம் பலமாக வந்துவிட்டது, மகிழினி புருவத்தைச் சுருக்கினாள், ஒரு பெருமூச்சு விட்டாள், பெரிய மனுஷி மாதிரி, பிறகு மறுபடி தளர்ந்தாள்.

லேப்டாப் முக்காலியில் இருக்கிறது. காலால் முக்காலியைக் கொக்கி போட்டு இழுத்தேன், தரையில் அது கிறீச்சிடாமல் வந்தது பெரிய விஷயம். இடது கை அவள் முதுகில். வலது கை ஒன்றுதான் என்னுடையது. தாய்ப்பால் வங்கிக்காக நான் எழுதிக் கொடுத்த வெப்சைட், காசு வாங்காமல் எழுதியது, காசு வாங்குகிற வேலையைவிடக் கவனமாக எழுதியது. பால் கொடுக்க முன்வருகிற அம்மாக்கள் அதில் நம்பரைப் பதிவார்கள், ஆஸ்பத்திரி கேட்கும்போது அவர்களுக்கெல்லாம் மெசேஜ் போகும், முடிந்தவர்கள் பதில் போடுவார்கள், வண்டி போய் வாங்கி வரும். மெசேஜ் அனுப்புகிற ஃபைலை யாரும் திறப்பதில்லை, சர்வரே கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாக ஓட்டும், புதிதாக ஏதாவது கேட்டிருக்கிறார்களா என்று பார்க்கும், கேட்டிருந்தால் அனுப்பும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிழைகள் விழுகிற லாக் ஃபைலை ஒற்றை விரலால் திறந்தேன். விழுந்திருக்கிறது, நேற்றிலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை ஒரே வரி, ஒரே புலம்பல். செட்டிங்ஸ் ஃபைலைத் திறக்க முடியவில்லை. அப்படி ஒரு ஃபைல் இல்லை. இல்லையா? இதோ இருக்கிறது, ஃபோல்டரைத் திறந்து பார்க்கிறேன், கண்ணெதிரே இருக்கிறது, பெயரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இருக்கிறது என்கிறேன் நான். இல்லை என்கிறது அது. இருக்கிறது. இல்லை. தூக்கமில்லாத மண்டைக்குள் இந்த இரண்டு வார்த்தையும் ஃபேன் மாதிரி சுற்றுகின்றன, டிக், இருக்கிறது, டிக், இல்லை.

அந்த வரியைப் பார்க்கிறேன். இன்க்ளூட், மேற்கோள் குறி, புள்ளி புள்ளி சாய்கோடு, பிறகு ஃபோல்டர் பெயர், பிறகு ஃபைல் பெயர். ஒரு ஃபைலுக்குள் இன்னொரு ஃபைலைக் கூப்பிடுகிற வரி. புள்ளி புள்ளி என்றால் ஒரு படி மேலே ஏறு, சாய்கோடு என்றால் அங்கிருந்து உள்ளே போ. ஏறி, உள்ளே போனால் செட்டிங்ஸ். சரியாகத்தானே இருக்கிறது. ஒரு படி மேலே. எதிலிருந்து ஒரு படி மேலே? இதை எழுதுகிறவன் எல்லாம் இந்த ஃபைல் இருக்கிற இடத்திலிருந்து என்றுதான் நினைத்துக்கொண்டு எழுதுகிறான், நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இந்த வெப்சைட்டை எழுதின மொழி, பிஎச்பி, அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அந்த வரி எந்த ஃபைலில் எழுதியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை, ஓட ஆரம்பிக்கும்போது எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டிருந்ததோ அங்கிருந்து ஒரு படி ஏறும். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் சர்வர் முதலில் அந்தப் பக்கம் இருக்கிற ஃபோல்டருக்குள் போய் நின்றுகொண்டுதான் ஓட்டும், அதனால் நாம் நினைத்ததும் அது நினைப்பதும் ஒன்றாகவே இருக்கும், வருஷக்கணக்கில் வித்தியாசம் தெரியாது. ஆனால் இது யாரும் திறக்காத ஃபைல். சர்வர் கம்பெனிக்காரர்கள் இந்த வாரம் எல்லாவற்றையும் புது மெஷினுக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய மெஷினில் அந்த ஃபோல்டருக்குப் போய் அப்புறம் ஓட்டு என்று ஒரு வார்த்தை இருந்திருக்கும், மாற்றும்போது விட்டுப்போயிருக்கும், இப்போது எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ஃபோல்டரில், வாசலில் நின்றுகொண்டு ஓட்டுகிறது. வாசலில் நின்று ஒரு படி மேலே ஏறினால் தெருவுக்குத்தான் போகும். தெருவில் செட்டிங்ஸ் எங்கே இருக்கும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. மகிழினி பிறந்த மறுநாள். முப்பது வாரத்தில் பிறந்தாள், என் உள்ளங்கையில் தலை வைத்தால் கால் முழங்கையைத் தாண்டவில்லை, தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கண்ணாடி அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். எழில் வேறு கட்டடத்தில் தையலோடு படுத்திருந்தாள். ஒரு நர்ஸ் வந்து எழிலின் மார்பைப் பிழிந்து பிழிந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் சீம்பால் எடுத்தார், கிண்ணத்தின் அடிகூட நனையவில்லை, மஞ்சளாக ஒரு மினுக்கம், அவ்வளவுதான். "கொண்டு போய்க் குடுங்க சார். படிக்கட்டு ஏறினதும் இடது பக்கம் கடைசிக் கதவு." கிண்ணத்தை மூடி, அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனேன், குலுங்கிச் சிந்தக் கூடாது என்று, சிந்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. படிக்கட்டில் கூட்டமாக இருந்தது என்று ஸ்ட்ரெச்சர் போகிற சாய்வுப் பாதையில் ஏறினேன். ஏறினதும் இடது பக்கம் திரும்பினேன். கடைசிக் கதவைத் திறந்தேன். உள்ளே ஆவி, பெரிய பெரிய அண்டா, பச்சைத் துணிகள் வெந்துகொண்டிருந்தன, ஒரு அம்மா கையில் கழியோடு நின்று என்ன வேணும் என்றார். குழந்தை எங்கே என்று கேட்டேன். அந்த ஆவிக்குள் நின்றுகொண்டு குழந்தை எங்கே, குழந்தை எங்கே என்று இரண்டு தடவை கேட்டேன், சத்தமாக, சண்டைக்காரன் மாதிரி. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், கழியைக் கீழே போட்டுவிட்டு என் முழங்கையைப் பிடித்து அந்த நீள வராந்தாவின் இன்னொரு முனைவரை கூட்டிக்கொண்டு போய் விட்டார். கண்ணாடி அறை நர்ஸ் கிண்ணத்தைத் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "இது போதும் சார், இன்னைக்கு அவ வயிறே இவ்ளோதான்" என்று தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

அதற்கப்புறம் எழிலுக்குப் பால் வரவில்லை. பயத்தில் சிலருக்கு வராது என்றார்கள், வரும் என்றார்கள், தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். பம்பை வைத்துக்கொண்டு உட்காருவாள், அது காற்றை இழுத்து இழுத்து விடும், கண்ணீர் வரும், பால் வராது. மகிழினிக்குக் குழாய் வழியாகப் போனது யார் யாரோ கொடுத்த பால். சின்ன சின்ன பாட்டில்கள், மேலே தேதி, பெயர் இருக்காது. அந்தப் பெயரில்லாதவர்களை நினைத்துக்கொண்டுதான் இந்த வெப்சைட்டை எழுதினேன். எழில் அதைச் சரியாகப் பார்த்ததில்லை. பார்க்கக் காட்டினேன், நல்லா இருக்கு என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பால் பிறகு வந்தது, வீட்டுக்கு வந்த பிறகு, வந்தும்கூட ஒவ்வொரு தடவை மகிழினி வாய் வைக்கும்போதும் எழில் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வாள், வருமோ வராதோ என்று. நான் பார்க்காத மாதிரி இருப்பேன். இப்போது எந்த அப்பன் எந்த வராந்தாவில் நிற்கிறானோ. யோசித்துக்கொண்டே இருந்தால் ஆகாது. கை வேலை செய்யட்டும்.

ஓட்டுகிற இடத்தைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கம்பெனிக்கு எழுத வேண்டும், அவர்கள் பதில் நாளைக்கு வரும். என் கையில் இருப்பது இந்த ஃபைல் மட்டும்தான். சுலபமாக ஒன்று தோன்றியது, ஒற்றைக் கைக்குச் சுலபமானது. செட்டிங்ஸ் ஃபைலையே காப்பி எடுத்து இந்த ஃபைலின் பக்கத்திலேயே வைத்துவிட்டால்? புள்ளியும் வேண்டாம் சாய்கோடும் வேண்டாம், வெறும் பெயரைச் சொன்னால் போதும், பக்கத்தில் இருக்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. வைத்தேன். புள்ளிகளை அழித்தேன். ஏற்றினேன். அடுத்த கால் மணி வரைக்கும் காத்திருக்க வேண்டும். மகிழினியின் உச்சந்தலையில் முடி வியர்வையில் ஒட்டியிருக்கிறது, அங்கே தோலுக்குக் கீழே ஏதோ மெல்லத் துடிக்கிறது, பார்க்கவே கூடாத ஒன்றைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஊசி போட்ட காலை ஒரு தடவை உதறினாள். இல்லடா இல்லடா என்றேன். என்ன இல்லை என்று எனக்கே தெரியாது.

போன் துடித்தது. நல்லது, ஷமீமா அக்கா, போய்விட்டது என்று சொல்லப்போகிறார். மறுபடி துடித்தது. மறுபடி. நிற்கவில்லை. எட்டிப் பார்த்தேன், திரையில் வரிசையாக விழுந்துகொண்டிருக்கிறது, அன்புள்ள அம்மா, உங்கள் பால் ஒரு குழந்தைக்குத் தேவை. அன்புள்ள அம்மா, உங்கள் பால். அன்புள்ள அம்மா. ஊரில் இருக்கிற அம்மாக்களுக்கெல்லாம் போக வேண்டியது ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு வருகிறது. பனியனோடு சோபாவில் கிடக்கிற எனக்கு, மூன்று நாள் தாடியோடு. சிரிப்பு வந்தது, சிரித்தால் நெஞ்சு குலுங்கும், நெஞ்சு குலுங்கினால் அவள் முழிப்பாள், சிரிப்பை விழுங்கினேன், போன் இன்னும் துடிக்கிறது, அது நழுவி அவளுடைய பாதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, அவள் விரல்களை விரித்தாள், முனகினாள், தலையைத் தூக்கினாள். தொடையால் போனை அமுக்கினேன். தொடைக்குக் கீழே அது பூச்சி மாதிரி துடிக்கிறது. அந்தத் துடிப்பு. கண்ணாடி அறையில் அவள் மூச்சை மறந்துவிடும்போது மூச்சைக் கவனிக்கிற மெஷினும் இப்படித்தான் விட்டு விட்டு அடிக்கும், நர்ஸ் ஓடி வந்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவார், மறுபடி மூச்சு வரும். மறந்துவிடுகிறாள் என்றார்கள், சின்ன மூளை, மூச்சுவிட மறந்துவிடுகிறது. இப்போது விடுகிறாளா? போன் துடிப்பில் எனக்குத் தெரியவில்லை. என் கழுத்தில் அவள் மூச்சு பட வேண்டும், படவில்லை. பட்டதா? ஃபேன் காற்று. அது ஃபேன் காற்று. உள்ளங்காலைத் தேடி என் கை போய்விட்டது, சுண்டப் போய்விட்டேன், அதற்குள் அவள் என் கழுத்தில் ஈரமாக ஒரு பெரிய மூச்சு விட்டு, தலையை அந்தப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். போன் நின்றது. என் இதயம் நிற்கவில்லை, அது அவள் காதுக்கு நேர் கீழே அடித்துக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்திலேயே அவள் முழித்துக்கொள்வாள் போலிருந்தது.

ஏன் எனக்கு வந்தது? சோதனை. மாதக்கணக்குக்கு முன்னால் சோதனை பார்ப்பதற்காக, எல்லா மெசேஜும் என் நம்பருக்கே வருகிற மாதிரி ஒரு செட்டிங்ஸ் ஃபைல் செய்து, அந்த முதல் ஃபோல்டரில் போட்டேன், அழிக்கவில்லை. அதுவும் செட்டிங்ஸ், இதுவும் செட்டிங்ஸ். வெறும் பெயரைச் சொன்னால் பிஎச்பி பக்கத்தில் பார்ப்பது கடைசியில்தான். அதற்கென்று தேடுகிற இடங்களின் வரிசை ஒன்று இருக்கிறது, வரிசையில் முதலில் ஒரு புள்ளி, ஒற்றைப் புள்ளி, அதற்கு இப்போது நிற்கிற இடம் என்று அர்த்தம். வாசலில் நின்றுகொண்டு செட்டிங்ஸ் என்று கூப்பிட்டது, வாசலில் இருந்த செட்டிங்ஸ் எழுந்து வந்தது. பிழை இல்லை, புலம்பல் இல்லை, லாக்கில் ஒரு வரி இல்லை. கிடைக்கவில்லை என்பதாவது தெரிந்துவிடும். அதே பெயரில் வேறொன்று கிடைத்துவிட்டால் தெரியாது.

கண்ணாடி அறையில் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது. அம்மா பெயர்தான், கணுக்காலில் கட்டியிருக்கும். எழிலரசி குழந்தை. இன்னொரு எழிலரசி இருந்தது எனக்குத் தெரியாது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கதவு திறந்தது, "எழிலரசி அட்டெண்டர் யாரு? சீக்கிரம் உள்ள வாங்க." எழுந்தேன். கால் எழுந்தது, நான் எழுந்தேனா தெரியாது. டாக்டர் என் தோளில் கை வைத்தார். "நாங்க முடிஞ்சதெல்லாம் பாத்தோம்." என்ன முடிந்தது என்று கேட்கிறேன். "பையன் ரொம்ப நேரம் தாக்குப் பிடிச்சான்" என்றார். பையன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே வந்தேன். எனக்குப் பொண்ணு சார், எனக்குப் பொண்ணு. அவர் முகம் மாறியது, ஃபைலைப் பார்த்தார், மன்னிச்சுக்குங்க என்றார், நர்ஸ் மறுபடி வெளியே போய் மறுபடி கூப்பிட்டார், வராந்தாவின் கோடியில் டீ வாங்கிக்கொண்டு வந்த ஒருவர், கட்டம் போட்ட சட்டை, டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழிலரசியா, நாந்தாங்க என்று வேகமாக வந்தார். என்னைத் தாண்டித்தான் போனார். எனக்கு முன்னாலேயே தெரியும், அவருக்கு இன்னும் தெரியாது, அந்தக் கொஞ்ச நேரம். நான் ஒதுங்கி வழிவிட்டேன். என் குழந்தை இல்லை, என் குழந்தை இல்லை என்று உடம்பு முழுக்கச் சந்தோஷம் ஓடுகிறது, சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை இல்லை, அந்தச் சந்தோஷத்தோடு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெஞ்சில் அவருடைய டீ ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அது ஆறுகிற வரைக்கும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், யாரும் தட்டிவிடக் கூடாது என்று. எழிலிடம் சொன்னதில்லை. இந்தக் குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் அந்தச் சட்டையின் கட்டம் ஒரு தடவை வந்துவிட்டுப் போகிறது. அவர்களுக்கு அப்புறம் ஒன்று பிறந்திருக்கும். பிறந்திருக்க வேண்டும்.

நேரமாகிறது. சரியான வழி எனக்குத் தெரியாததல்ல, சோம்பலில் விட்டது. டிர் என்று ஒரு சொல், முன்னால் இரண்டு அடிக்கோடு, பின்னால் இரண்டு அடிக்கோடு. எங்கே நின்றுகொண்டு ஓட்டினாலும் சரி, யார் கூப்பிட்டாலும் சரி, இந்த வரி எந்த ஃபைலில் எழுதியிருக்கிறதோ அந்த ஃபைல் குடியிருக்கிற ஃபோல்டரை முழு முகவரியோடு சொல்லிவிடும். அங்கிருந்து ஒரு படி ஏறு, அப்புறம் உள்ளே போ. சாய்வுப் பாதையில் வந்தால் என்ன, படிக்கட்டில் வந்தால் என்ன. வலது ஷிஃப்டைச் சுண்டுவிரலால் அமுக்கிக்கொண்டு அடிக்கோட்டுக்கு நடுவிரலை நீட்டினேன், ஒன்று, இரண்டு, பிறகு எழுத்துகள், பிறகு ஒன்று, இரண்டு. இன்க்ளூட் என்பதை அழித்து ரிக்வயர் என்று மாற்றினேன். இன்க்ளூட், கேட்டது கிடைக்காவிட்டால் முணுமுணுத்துவிட்டு மேலே போய்விடும். ரிக்வயர் அங்கேயே நின்றுவிடும், இது இல்லாமல் நான் நகர மாட்டேன் என்று. நேற்றே நின்றிருந்தால் கம்பெனியிலிருந்து எனக்கு எச்சரிக்கையாவது வந்திருக்கும். பக்கத்தில் வைத்த காப்பியை எடுத்தேன். வாசலில் கிடந்த சோதனை ஃபைலை அழித்தேன், அழிக்கட்டுமா என்று கேட்டது, ஆமாம். ஏற்றியாயிற்று. இப்போது மறுபடி கால் மணி. வண்டி கிளம்புவதற்குள் இந்த ஒரு கால் மணிதான் மிச்சம். இதுவும் தவறினால் இன்றைக்கு இல்லை.

போனை வெறித்துப் பார்க்கிறேன். இந்தத் தடவை அது சும்மா இருந்தால்தான் நல்லது. அவள் தூங்கவும் அது சும்மா இருக்க வேண்டும், மெசேஜ் சரியாகப் போயிருக்கவும் அது சும்மா இருக்க வேண்டும். திரை இருட்டாகவே இருக்கிறது. நேரம் வந்துவிட்டது. தாண்டிவிட்டது. துடிக்கவில்லை. லாக்கைத் திறந்தேன், புதிதாக எதுவும் இல்லை, ஒன்றுமே இல்லாத அந்த இடத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். போயிருக்குமா? போயிருந்தால் இப்போது எத்தனையோ வீட்டில் எத்தனையோ போன் துடித்திருக்கும், எத்தனையோ குழந்தைகள் புருவத்தைச் சுருக்கியிருக்கும். போகாமலும் இருக்கலாம். ஒன்றுமில்லாமல் இருப்பதை எப்படி நம்புவது. மகிழினியின் நெற்றியில் உதட்டை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருக்கிறது. எப்போது இறங்கியது? நான் அடிக்கோடு தேடிக்கொண்டிருந்த நேரத்தில் எப்போதோ சத்தமில்லாமல் இறங்கியிருக்கிறது.

ஷமீமா அக்கா. எடுத்தேன், பேசவில்லை. "பேசாத, பேசாத. வருது தம்பி, பதில் வருது. நாலஞ்சு பேர் வரேன்னுட்டாங்க, இன்னும் வருது. டிரைவரைச் செத்த நேரம் நிக்கச் சொல்லிருக்கேன். நீ புள்ளையப் பாரு." வைத்துவிட்டார். கண்ணை மூடினேன். மூடின உடனேயே மறுபடி துடித்தது.

எழில். "தூங்குறாளா?"

"ம்."

"காய்ச்சல்?"

"எறங்கிருச்சு. இப்பத்தான் பாத்தேன்."

"அழுதாளா?"

"இல்ல. அழலைன்னாலும் பண்ணச் சொன்ன. பண்ணல."

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ சத்தம், இழுத்து இழுத்து விடுகிற சத்தம், எனக்கு அது தெரிந்த சத்தம்தான், என்னவென்று உடனே பிடிபடவில்லை. "எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சுங்க" என்றாள்.

"என்ன மெசேஜ்?"

"அன்புள்ள அம்மான்னு."

எழிலின் நம்பர் அதில் இருக்கிறது. எழிலின் நம்பருக்கு என் மெசேஜ் போயிருக்கிறது, ஊரிலிருக்கிற மற்ற அம்மாக்களுக்குப் போகிற மாதிரி. "எப்பப் பேர் குடுத்த?"

"போன மாசம். ஷமீமா அக்காட்ட. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, எல்லாம் சரியா இருக்குன்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்க." பம்ப்தான் அது, இழுத்து இழுத்து விடுகிறது. "அப்புறம் வரலைன்னா?"

மகிழினியின் முதுகில் என் உள்ளங்கை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. "இப்ப எங்க இருக்க?"

"ஸ்டாஃப் ரூம்ல, உள்ள கதவச் சாத்திட்டு. மத்தியானத்துலருந்தே நெஞ்சு கனத்துப் போச்சுங்க, ஜாக்கெட்டெல்லாம் நனஞ்சு முந்தானைய இழுத்து மூடிக்கிட்டுத்தான் கிளாஸ் எடுத்தேன். எடுத்துக் கொட்டிரலாம்னு இருந்தேன். அப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. ஒரு பாட்டில் நெறஞ்சிருச்சு." ஏதோ மூடியைத் திருகுகிற சத்தம். "ரெண்டாவது போட்டிருக்கேன். இது கொஞ்சம் மெதுவா வருது. வண்டி காலேஜ் கேட்டுக்கே வருதாம்."

"மெதுவா வரட்டும். வண்டி நிக்கும்."

"நீங்க பேசாதீங்க" என்றாள். "போனை அவ மூக்குப் பக்கத்துல வைங்க. அவ மூச்சு கேட்டா வந்துரும்."

வைத்தேன். மகிழினியின் மேலுதட்டில் போன் லேசாக உரசியது, அவள் முழிக்கவில்லை, சற்றே திறந்த வாயோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், இழுத்து, விட்டு, நடுவில் ஒரு சின்ன விசில். அந்தப் பக்கம் பம்ப்பும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. எழில் போனை வைக்கவில்லை.